டியூஷன் வைக்கிறதுக்கு முன்னால் பிள்ளையை ஒரு தடவை பாருங்கள்

பள்ளி நேரம் போகத் தெருவிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் தமிழ்நாடு அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021-இல் தொடங்கியபோது எங்கள் தெருவுக்கு நான்தான் தன்னார்வலராகப் பெயர் கொடுத்தேன். பாம்பன் பக்கம், எங்கள் வீட்டுத் திண்ணையில், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம். அன்றிலிருந்து இன்றுவரை அம்மாக்கள் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அக்கா, இவனுக்கு மண்டையில ஒண்ணும் ஏறமாட்டேங்குது, டியூஷன் வச்சா சரியாப் போயிருமா?" அநேகமாக அந்தப் பிள்ளைக்கு ஏழு, எட்டு, ஒன்பது வயசு இருக்கும். கைக்குழந்தையாக இருக்கும்போது எடை பார்த்தோம், குப்புற விழுந்ததா, தவழ்ந்ததா என்று நாள் எண்ணினோம். வயசுக்கு வந்த பிறகு மறுபடியும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்போம். நடுவில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை இருக்கிற காலத்தை மட்டும் "அது தானா வளருது" என்று விட்டுவிடுகிறோம்.

டியூஷனே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதற்கு முன்னால் காசு செலவில்லாமல் வீட்டிலேயே பார்த்துவிடக்கூடியது நிறைய இருக்கிறது. உடம்பை முதலில் பாருங்கள், பாடத்துக்கு அப்புறம் வருவோம்.

பிறந்தநாள் அன்று கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி ஒரு பென்சில் கோடு போடுங்கள், பக்கத்தில் தேதி. இந்த வயதில் வருஷத்துக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் உயரமும் 2 முதல் 3 கிலோ எடையும் கூடும். பக்கத்து வீட்டுப் பிள்ளையைவிடக் குள்ளமாக இருக்கிறானா என்பது கணக்கே இல்லை, போன வருஷக் கோட்டிலிருந்து எவ்வளவு ஏறியிருக்கிறான் என்பதுதான் கணக்கு. ஒரு வருஷத்தில் 4 சென்டிமீட்டர்கூட ஏறவில்லை என்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பல். இதில் நானே ஏமாந்திருக்கிறேன். பால் பற்கள் மொத்தம் 20, ஆறு வயசு வாக்கில் முன்பல்லிலிருந்து ஆட ஆரம்பிக்கும், அது எல்லாருக்கும் தெரியும். அதே ஆறு வயதில், கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால், எதுவும் விழாமலே சத்தமில்லாமல் புதிதாக ஒரு பல் முளைக்கிறது, மேலும் கீழும் இரண்டு பக்கமும் ஆக நான்கு. அவை பால் பல் இல்லை, ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பற்கள். என் மகளுக்கு அதில் கரும்புள்ளி விழுந்தபோது "விழுந்து முளைக்கிற பல்தானே" என்று இருந்துவிட்டேன். எட்டரை வயதில் முகம் வீங்கி, பிடுங்கியே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. இப்போதும் அந்தப் பக்கம் அவள் முறுக்கு கடிப்பதில்லை. காலையில் துலக்குவதைவிட ராத்திரி படுக்கும்முன் துலக்குவதுதான் முக்கியம், அதை மட்டும் கறாராக இருந்து செய்ய வையுங்கள்.

கண்ணுக்கு வருவோம். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் திண்ணைக்கு வருவான், வாயால் கேட்டால் எல்லாம் சொல்வான், நோட்டைத் திறந்தால் பாதி வெற்றிடம். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதுகிறான் என்று அடி வேறு. ஒருநாள் கடற்கரையில் நின்றுகொண்டு, நங்கூரம் போட்டுக் கிடந்த போட்டைக் காட்டி, "அதுல என்ன நம்பர் எழுதியிருக்குடா?" என்றேன். அவன் கண்ணை இடுக்கிக்கொண்டு, "நம்பரா? எனக்குப் போட்டே ரெண்டாத் தெரியுதுக்கா" என்றான். அவ்வளவுதான் விஷயம். கண்ணாடி போட்ட பிறகு அவன் யார் நோட்டையும் எட்டிப் பார்க்கவில்லை.

நீங்களும் இதையே செய்யலாம். உங்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற தூரத்தில் நிற்கிற படகின் பதிவு எண்ணை, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள், அப்புறம் மறு கண். இரண்டு கண்ணையும் திறந்துவைத்துப் படிக்கச் சொன்னால் நல்ல கண், கெட்ட கண்ணை மறைத்துவிடும். தடுமாறினால் கண் மருத்துவரிடம் போங்கள். இன்னொன்று, பகல் வெளிச்சத்தில் வெளியே அதிக நேரம் இருக்கிற பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. கடலை வாசலில் வைத்துக்கொண்டு, பிள்ளையைக் கட்டிலுக்கடியில் செல்போனோடு விட்டு வைத்திருக்கிறோம்.

கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை எல்லாம் திமிர் பிடித்தது இல்லை. கடலில் குளித்துக் காதில் சீழ் வைத்து, அது அடிக்கடி வந்து போகிறதென்றால் கேட்கும் திறன் குறைந்திருக்கலாம். முதுகுப் பக்கம் நின்று மெதுவாகப் பேர் சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது ரத்தம். கீழ் இமையை லேசாக இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் ரத்தம் குறைவு. சாக்பீஸ், மண், பச்சரிசி தின்கிற பழக்கம் இருந்தாலும் அதே சந்தேகம்தான். சோகை உள்ள பிள்ளை வகுப்பில் தூங்கி வழியும், நாம் அதற்குச் சோம்பேறி என்று பேர் வைப்போம். 5 முதல் 10 வயது வரைக்கும் வாரம் ஒரு இளஞ்சிவப்பு நிற இரும்புச்சத்து மாத்திரை, அதற்கு மேல் நீல நிற மாத்திரை என்று அரசாங்கம் கொடுக்கிறது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 குடற்புழு நீக்க நாள், அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் கடித்து மென்று தின்ன வேண்டும். சட்டைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து காக்காய்க்குப் போட்ட கதை எல்லாம் எனக்குத் தெரியும், அதனால் அன்றைக்குக் கேட்டு வையுங்கள். காலையில் டீயும் வருக்கியும் கொடுத்து அனுப்புவதை நிறுத்துங்கள், சாப்பாட்டோடு குடிக்கிற டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை அரசுத் தொடக்கப் பள்ளியில் 2022-இலிருந்து காலை உணவு வந்துவிட்டது, அதைச் சாப்பிட நேரத்தோடு அனுப்பினால் போதும். நல்ல மீனெல்லாம் ஏலத்துக்குப் போய்விட்டு, வீட்டுச் சட்டிக்குச் சூடையும் காரலும்தான் மிஞ்சுகிறது என்று வருத்தப்பட வேண்டாம், வளர்கிற பிள்ளைக்குச் சூடை நல்ல மீன்தான். முருங்கைக் கீரைக்கு மேலே கொஞ்சம் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள்.

தூக்கம் 9 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, 12 வரை தூங்கினாலும் தப்பில்லை. அப்பா நடுச்சாமத்தில் கடலுக்குக் கிளம்புகிற வீட்டில் விளக்கு போட்டு, பாத்திரம் உருட்டி, பிள்ளையும் எழுந்து உட்கார்ந்துவிடும். அந்த வீடுகளில் ராத்திரி எட்டு, எட்டரைக்கே படுக்க வைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அப்புறம் நீச்சல். கடற்கரைப் பிள்ளைக்கு நீச்சல் பிறவியிலேயே வரும் என்பது பொய், முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆறு வயதுக்கு மேல் கட்டாயம் கற்றுக்கொடுங்கள், பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

பெண்பிள்ளைகளுக்கு எட்டு வயதுக்கு மேல், ஆண்பிள்ளைகளுக்கு ஒன்பதுக்கு மேல் உடம்பில் மாற்றம் தொடங்கலாம், பதின்மூன்று பதினான்கு வரை தள்ளியும் போகலாம். அதற்கு முன்னாலேயே தொடங்கினால் டாக்டரிடம் காட்ட வேண்டும். மாதவிடாய் பற்றி ஒன்பது வயதிலேயே அம்மா வாயால் சொல்லிவிடுங்கள், அப்பத்தா சொல்லிக்கொள்வார் என்று விட்டால் அவர் தீட்டிலிருந்துதான் ஆரம்பிப்பார்.

இதெல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் படிப்பு வரவில்லை என்றால்தான் மண்டைப் பக்கம் போக வேண்டும். அங்கேயும் முதலில் ஒரு சின்னச் சோதனை.

இரண்டு கூறு சூடை வையுங்கள், கூறுக்குப் பன்னிரண்டு. பிள்ளையையே எண்ண விடுங்கள். இரண்டும் சமம் என்று சொன்ன பிறகு, அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கூறை மட்டும் பரப்பிவிட்டு, "இப்ப எது கூட?" என்று கேளுங்கள். என் அக்கா வீட்டுச் சின்னவள், ஐந்தரை வயது, பரப்பினதைக் காட்டி "இதுதான்" என்றாள், மறுபடி எண்ணிப் பார்த்துப் பன்னிரண்டு என்று சொல்லிவிட்டும் "ஆனா இதுதான் நிறைய" என்றாள். அவள் அண்ணனுக்கு எட்டு வயது. "நீங்கதானே சித்தி பரப்பிவிட்டீங்க, திரும்பக் கூட்டி வச்சா அதேதானே?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தான். சொம்புத் தண்ணீரை அகலப் பாத்திரத்திலும் ஒல்லி டம்ளரிலும் மாற்றி மாற்றி ஊற்றியும் இதைச் செய்யலாம். சுவிட்சர்லாந்துக்காரர் ழான் பியாஜே இந்த மாதிரிச் சோதனைகளை வைத்துத்தான், ஏழு வயது வாக்கில் பிள்ளையின் யோசனை ஒரு படி மாறுகிறது என்று சொன்னார். மாறுகிற விஷயம் அந்த "திரும்பக் கூட்டி வச்சா" என்கிற சொல்லில்தான் இருக்கிறது. நடந்ததை மனசுக்குள்ளேயே பின்னோக்கி ஓட்டிப் பார்க்கத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். அது வந்தால்தான் 7-உம் 5-உம் 12 என்றால் 12-இல் 5 போனால் 7 என்பது தனியாக மனப்பாடம் செய்யாமலே விளங்கும். அது இன்னும் வராத பிள்ளையை அடித்துக் கழித்தல் கற்றுத்தர முடியாது. ஒரு ஆறு மாதம் பொறுத்து, சிப்பியோ புளியங்கொட்டையோ கையில் கொடுத்துக் கூட்டவும் பிரிக்கவும் விடுங்கள்.

ஏழு வயதில் அந்தப் படி ஏறிவிட்டாலும் பதினொன்று வரை யோசனை கையும் கண்ணும் தொட்ட பொருளை விட்டு அதிக தூரம் போகாது. இது நமக்கு லாபம். வரிசைப்படுத்த, வகை பிரிக்க, அளக்க, பங்கு போட எல்லாமே இங்கே கரையில் கிடக்கிறது.

பிரேசில் நாட்டில் ரெசிஃபே என்று ஒரு கடற்கரை நகரம். அங்கே சந்தையில் தேங்காயும் பழமும் விற்கிற பிள்ளைகள் ஐந்து பேரிடம் ஆராய்ச்சியாளர்கள் வாடிக்கையாளர் மாதிரிப் போய் விலை கேட்டார்கள். நூற்றுக்கு 98 விடை சரி. அதே கணக்குகளைத் தாளில் கூட்டல் பெருக்கலாக எழுதிக் கொடுத்தபோது நூற்றுக்கு 37-தான் சரி. 1985-இல் வெளியான ஆய்வு. படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது, ஏனென்றால் இதற்கு பிரேசில் வரை போக வேண்டியதில்லை. திண்ணைக்கு வருகிற ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, அவள் அம்மா மீன் விற்கிறவர். கிலோ 280 ரூபாய் நகரை முக்கால் கிலோ என்ன விலை என்று கேட்டால் மூச்சு விடுமுன் "அரைக்கு நூத்திநாப்பது, காலுக்கு எழுவது, எரநூத்திப்பத்து" என்பாள். அதையே நோட்டில் 280 × ¾ என்று எழுதிக் கொடுத்தால் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அவளுக்குக் கணக்கு தெரியாது என்றா சொல்வீர்கள்? வாயிலிருந்து தாளுக்கு வருகிற பாதைதான் இல்லை. அதைப் போடுவது எப்படி என்றால், அவள் வாயால் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் நோட்டில் எழுத வையுங்கள்: ½-க்கு 140, ¼-க்கு 70, சேர்த்து 210. அதற்குக் கீழே ½ + ¼ = ¾ என்று. அதற்கும் கீழே பள்ளிக்கூடத்து வழி. மூன்று வரியிலும் 210 வருகிறதைப் பார்த்தபோது அவள் கேட்டது, "இதத்தான் டீச்சர் இத்தன நாளாச் சொன்னாங்களா?" வகுத்தலுக்கும் இதே வைத்தியம்தான். 9,600 ரூபாய்க்கு மீன் விற்றது, டீசலும் ஐஸும் 2,400, மிச்சத்தில் போட்டுக்கு இரண்டு பங்கு, போன நாலு பேருக்கு ஆளுக்கு ஒரு பங்கு என்றால் ஒரு பங்கு என்ன? (பங்கு முறை ஊருக்கு ஊர், வலைக்கு வலை மாறும், உங்கள் வீட்டு வழக்கப்படி போடுங்கள், என்னோடு சண்டைக்கு வராதீர்கள்.) 7,200-ஐ ஆறால் வகுத்து 1,200 என்று சொல்கிற பிள்ளைக்கு வகுத்தல் எதற்கு என்பதை நீங்கள் தனியாக விளக்க வேண்டியதே இல்லை.

தமிழ் எண் பெயரில் ஒரு சிக்கல் இருக்கிறது. எண்பத்தொன்பதுக்கு அப்புறம் 'ஒன்பது' என்ற சொல்லை வைத்துப் பிள்ளை எதையோ எதிர்பார்க்கும், வருவதோ தொண்ணூறு. எழுபது, எண்பது வரிசையில் அது உட்காராது, காதில் 'நூறு' வேறு கேட்கிறது. தொள்ளாயிரத்திலும் இதே கூத்து, அங்கே 'ஆயிரம்' கேட்கும். அதனால் 90-ஐ 900 என்றோ 900-ஐ 9000 என்றோ எழுதினால் முட்டாள் என்று முடிவு கட்டாதீர்கள். பத்து பத்தாகக் கட்டின ஈர்க்குச்சியை ஒன்பது கட்டு அடுக்கிக் காட்டினால் நாலைந்து நாளில் சரியாகிவிடும்.

வாசிப்பு. இதைச் சோதிக்கக் கீழ் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பத்தியைத் தடையில்லாமல் வாசிக்கிறதா? பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கிற அசர் (ASER) ஆய்வின் 2024 அறிக்கைப்படி நாடு முழுக்கக் கிராமப்புற மூன்றாம் வகுப்பில் அப்படி வாசிக்கிறவர்கள் நூற்றுக்கு 27 பேர்தான், ஆகவே தடுமாறினால் பதற வேண்டாம், ஆனால் விட்டும் வைக்காதீர்கள். ஏனென்றால் நான்காம் வகுப்பிலிருந்து ஆட்டம் மாறுகிறது. அதுவரை வாசிக்கக் கற்றார்கள், இனி அறிவியலையும் சமூக அறிவியலையும் வாசித்துத்தான் கற்க வேண்டும். மூன்றாம் வகுப்பு வரை நன்றாக இருந்த பிள்ளை நான்கில் திடீரென்று விழுந்துவிட்டது என்று வருகிற அம்மாக்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

எழுத்துக் கூட்டித் திணறுகிற பிள்ளையிடம் நான் செய்வது இது. நேற்று நடந்ததைச் சொல்லச் சொல்வேன், சொன்னபடியே தாளில் எழுதுவேன். ஒருவன் சொன்னது: "எங்கப்பா கச்சான் காத்துல போயி வல கிளிஞ்சு வந்துச்சு." தன் வாயில் வந்தது என்பதால் அதைத் தட்டுத் தடுமாறியாவது வாசித்துவிடுவான். மறுநாள் அதற்குப் பக்கத்தில் புத்தகத் தமிழில்: "என் அப்பா கச்சான் காற்றில் கடலுக்குப் போனார். வலை கிழிந்துவிட்டது." கிளிஞ்சு எப்படிக் கிழிந்து ஆனது, வல எப்படி வலை ஆனது என்று விரல் வைத்துக் காட்டுவேன். நம் பேச்சு ஒன்று, எழுத்து ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைச் சொல்லிக்கொடுக்காமல் ழ-வுக்குச் சிவப்பு மையில் சுழித்துக்கொண்டே இருந்தால் பிள்ளை எழுதுவதையே விட்டுவிடும்.

ஆறு வயதில் எழுத்தைத் திருப்பிப் போடுவது சாதாரணம். ஒன்பது வயதிலும், நன்றாகச் சொல்லிக்கொடுத்தும், பேச்சில் கெட்டியாக இருக்கிற பிள்ளை வாசிப்பில் மட்டும் கல்லாக நிற்கிறதென்றால் அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், தலைமையாசிரியர் மூலமாகக் கேளுங்கள்.

மனசைப் பற்றியும் கொஞ்சம். "என்னால ஒரு வேலையை முடிக்க முடியும்" என்பதா, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்பதா, இரண்டில் ஒன்று இந்த வயதில்தான் பிள்ளைக்குள் உட்காருகிறது என்றார் எரிக் எரிக்சன். அதனால் நிஜமான வேலை ஒன்று கொடுங்கள், பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாததாக. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர் வீட்டில்தான் இருப்பார், பிள்ளைக்கும் பெரிய லீவு. வலை ஊசியைக் கையில் கொடுத்து நாலு கண்ணி பின்னச் சொல்லிக்கொடுக்கலாம், மகளுக்கும் சேர்த்துத்தான். எங்கள் தீவில் எந்த விழா என்றாலும் கலாம் மாதிரி வர வேண்டும் என்று முடிப்பார்கள், பிள்ளைகளுக்கு அது கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. அவர் எட்டு வயது வாக்கில், போர்க்காலத்தில் புளியங்கொட்டைக்குக் கிராக்கி வந்தபோது, அதைப் பொறுக்கிக் கடையில் போட்டு ஓரணா சம்பாதித்ததைச் சொல்லுங்கள், காது கொடுப்பார்கள்.

பாராட்டும்போது "நீ புத்திசாலி" என்பதைவிட "விடாமப் போட்டுப் பாத்தியே" என்பது நல்லது. அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்து 1998-இல் வெளியான ஆய்வில், புத்திசாலி என்று பேர் வாங்கினவர்கள் கடினமான புதிர்களில் தோற்றதும் பின்வாங்கிவிட்டார்கள், முயற்சிக்குப் பாராட்டு வாங்கினவர்கள் இன்னும் போட்டுப் பார்த்தார்கள்.

அப்பா எல்லை தாண்டினார் என்று பிடிபட்டு யாழ்ப்பாணத்தில் இருக்கிற வீட்டில் பிள்ளையிடம் "வெளியூர் போயிருக்கார்" என்று மறைக்காதீர்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெருவில் எப்படியும் தெரிந்துவிடும், நீங்கள் மறைத்தது மட்டும் கூடுதலாகத் தெரியும். எங்கே இருக்கிறார், யாரெல்லாம் கூட இருக்கிறார்கள், அடுத்த கோர்ட் தேதி எப்போது என்று உள்ளதைச் சொல்லி, காலண்டரில் அந்தத் தேதியை அதன் கையாலேயே வட்டம் போட வையுங்கள். அந்த மாதம் மார்க் குறைந்தால் ஒன்றும் கேட்காதீர்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் டியூஷன் வேண்டும் என்றால் தாராளமாக வையுங்கள். ஆனால் போய்ச் சேர்க்கும்முன் நேரத்தைக் கேளுங்கள். இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு 60 நிமிஷமாவது வேர்க்க விறுவிறுக்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளி விட்டு வந்த கையோடு ஐந்து மணிக்கு டியூஷன் என்றால் ஓடுவது எப்போது? ஆறேகாலுக்கு வரலாமா என்று கேட்டுப் பாருங்கள். இருட்டுகிற நேரம், எப்படியும் அவன் வீட்டுக்கு வந்துதான் ஆக வேண்டும்.